பாராதைராய்டு: எது இயல்பு, எது நோய்? – வாசகர் கேள்வி பதில்

கழுத்தில் தைராய்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ரத்தக் கால்சியத்தை ஏற்றும் பி.டி.எச். ஹார்மோனைச் சுரக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புபவர்கள் பாதி, அந்த ரிப்போர்ட்டை எழுதும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் மீதி. பேத்தாலஜி மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. கால்சியம் 11.6, பி.டி.எச். 240 என்று ஏறியிருந்ததால் ஒரு பாராதைராய்டை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில், ‘செல் அடர்த்தி மிகுந்த பாராதைராய்டு திசு, எடை 1.2 கிராம், அடினோமாவோடு பொருந்துகிறது, மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. அடினோமா என்று அடித்துச் சொல்லாமல் ஏன் மழுப்புகிறார்கள்? ஸ்லைடை வேறு லேப்பில் காட்டலாமா?
– வாசகி, அம்பத்தூர்

மழுப்பல் இல்லை அம்மா. உங்கள் ரிப்போர்ட்டை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பாராதைராய்டு விஷயத்தில் ஸ்லைடை மட்டும் பார்த்து ‘இது இயல்பு, இது நோய்’ என்று யாராலும் முழுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எடை, மற்ற சுரப்பிகளின் நிலை, ரத்தப் பரிசோதனை மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் ஸ்லைடு பேசும்.

முதலில் எடை. இயல்பான சுரப்பி ஒன்று 4 முதல் 6 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய உடைத்த துவரம்பருப்பு மாதிரி. எடை 30 முதல் 40 மில்லிகிராம். 60-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவோம். அம்மாவுக்கு எடுத்தது 1,200 மில்லிகிராம், அதாவது முப்பது மடங்கு. அந்தச் சுரப்பி இயல்பானதல்ல என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை.

அடுத்தது கொழுப்பு. பெரியவர்களின் இயல்பான சுரப்பியில் செல் கூட்டங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புச் செல்கள் தெரியும். நோயுற்ற சுரப்பியில் அவை மறைந்து செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் ‘செல் அடர்த்தி மிகுந்த’ என்கிறார்கள். பழைய புத்தகங்கள் பாதிக்குப் பாதி கொழுப்பு இருக்கும் என்று எழுதி வைத்ததால் வந்த குழப்பம் ஒன்று உண்டு. உண்மையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகக் கொழுப்புள்ள இயல்பான சுரப்பிகள் ஏராளம். குழந்தைகளிடம் கொழுப்பு அநேகமாக இருக்காது. நீண்ட நாள் நோயில் மெலிந்தவர்களிடமும் குறைந்துவிடும். ஒரே சுரப்பியில் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இருக்கும். அதனால் கடுகளவு துணுக்கை அனுப்பிவிட்டு ‘கொழுப்பு எவ்வளவு?’ என்று கேட்டால் வரும் பதிலை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. ஒரே சுரப்பியில் கேன்சரல்லாத கட்டி வளர்ந்தால் அது அடினோமா. எல்லாச் சுரப்பிகளும் சேர்ந்து பெருத்தால் ஹைப்பர்பிளேசியா. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். அடினோமாவுக்குச் சாதகமான அடையாளம் ஒன்று உண்டு. கட்டியின் ஓரத்தில் மெல்லிய உறை, அதற்கு வெளியே பிறை நிலா மாதிரி ஒரு கீற்று. அந்தக் கீற்றில் செல்கள் சின்னதாக, கொழுப்போடு, வேலையில்லாமல் சுருங்கிக் கிடக்கும். கட்டி பி.டி.எச்.சைக் கொட்டிக் கால்சியத்தை ஏற்றிவிட்டதால் மிச்சமிருக்கும் நல்ல பகுதி ஓய்வெடுக்கப் போய்விட்டது. இந்தக் கீற்று கிடைத்தால் எங்களுக்கு நிம்மதி. ஆனால் அடினோமாக்களில் பாதியிலோ அதற்குச் சற்று மேலாகவோதான் அது தென்படும். பெரிய கட்டியில் நசுங்கிக் காணாமல் போயிருக்கும், அல்லது வெட்டிய இடத்தில் வந்திருக்காது. ஹைப்பர்பிளேசியாவிலும் சில சமயம் அதேபோன்ற ஓரம் தெரிந்து ஏமாற்றும். ‘மற்ற சுரப்பிகள் எப்படி இருந்தன?’ என்று சர்ஜனிடம் நாங்கள் கேட்பது இதனால்தான்.

ஆபரேஷனின்போதே பி.டி.எச். பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். குற்றவாளிச் சுரப்பியை எடுத்த 10 நிமிடத்தில் அளவு முன்பிருந்த உச்சத்தில் பாதிக்கும் கீழே விழுந்தால், பெரும்பாலும் வேலை முடிந்தது. கடைசித் தீர்ப்பு 6 மாதம் கழித்துப் பார்க்கும் கால்சியத்தில் இருக்கிறது. அது சரியாக இருந்தால் ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மறுபடி ஏறினால் ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்கி, ஆபரேஷன் குறிப்பையும் ரத்த ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து இன்னொருவரிடம் காட்டுங்கள். வெறும் ஸ்லைடை மட்டும் எடுத்துப் போனால் அவரும் இதே வாக்கியத்தைத்தான் எழுதுவார்.

கேள்வி: ஃப்ரோஸன் செக்‌ஷன் (திசுவை உறைய வைத்து வெட்டி உடனே பார்ப்பது) எடுக்கும் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பாராதைராய்டுக்குக் கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயம் போட்டால் சில நாள் சிவப்பே வருவதில்லை, சில நாள் ஸ்லைடு முழுக்கச் சிவப்புத் தூள். பாரஃபின் (மெழுகு) பிளாக்கிலிருந்து போட்டுப் பார்த்தேன், அதிலும் வரவில்லை. எங்கே தவறு?
– வாசகர், பெரம்பூர்

பாரஃபின் பிளாக்கில் வராது, வரவே வராது. திசு மெழுகுக்குப் போகும் வழியில் ஆல்கஹாலும் சைலீனும் செல்லுக்குள் இருந்த கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகின்றன. சாயம் ஒட்ட அங்கே ஒன்றுமில்லை. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் கொழுப்பைக் கரைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபார்மலினில் இருந்தாலும் இன்னும் பிராசசிங்குக்குப் போகாத ஈரத் துண்டு மிச்சமிருந்தால் அதைக் கழுவி, உறைய வைத்து வெட்டிச் சாயம் போடலாம்.

செய்முறை இது. ஆயில் ரெட் ஓ 0.5 கிராமை 100 மில்லி ஐசோபுரோப்பனாலில் கரைத்தது ஸ்டாக். வேலைக்கு எடுக்கும்போது ஸ்டாக் 30 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 20 மில்லி கலந்து 10 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். இந்தக் கலவை சில மணி நேரம்தான் தாங்கும். நேற்றையதை இன்று போடாதீர்கள். க்ரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை வெட்டும் குளிர்க்கருவி) 8 முதல் 10 மைக்ரான் கனத்தில் வெட்டி, காற்றில் உலர்த்தி, ஃபார்மலினில் 5 நிமிடம், பிறகு தண்ணீர். 60 சதவீத ஐசோபுரோப்பனாலில் ஒரு முக்கு. சாயத்தில் 10 முதல் 15 நிமிடம். மறுபடி 60 சதவீத ஐசோபுரோப்பனாலில் லேசாக ஒரு முக்கு. நியூக்ளியஸைக் காட்ட மெல்லிய ஹீமடாக்ஸிலின் சாயம், குழாய் நீரில் நீலமாக்கல். கடைசியில் கிளிசரின் ஜெல்லி போட்டுக் கவர்ஸ்லிப். பழக்கதோஷத்தில் கை வழக்கமான ஒட்டுப்பசையான டி.பி.எக்ஸ்.சுக்குப் போனால் அதிலிருக்கும் கரைப்பான் பட்ட பாட்டையெல்லாம் அழித்துவிடும். உங்களுக்குச் ‘சில நாள் சிவப்பே வராதது’ இதனாலா, கடைசி முக்கில் அதிக நேரம் விட்டதாலா என்று பாருங்கள்.

சிவப்புத் தூள் வருவது வடிகட்டாததாலும் ஜாடியைத் திறந்து வைப்பதாலும். ஐசோபுரோப்பனால் ஆவியாகப் போகப் போகச் சாயம் கரைசலில் நிற்க முடியாமல் படிந்துவிடும். ஜாடியை மூடியே வையுங்கள். சென்னைக்கென்று இன்னொன்றும் உண்டு. க்ரையோஸ்டாட் ஜன்னலைத் திறந்து போட்டால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய்க் கத்தியிலும் பிரஷ்ஷிலும் பனியாகப் படியும், செக்‌ஷன் சுருண்டு கிழியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இரட்டிப்புத் தொல்லை.

சாயம் பிடித்ததா என்று தெரிய வேறு கண்ட்ரோல் தேட வேண்டாம். சுரப்பியைச் சுற்றியுள்ள கொழுப்பே கண்ட்ரோல். அது பளிச்சென்று சிவந்திருந்தால் சாயம் சரி. பிறகு பி.டி.எச். சுரக்கும் முக்கியச் செல்களான சீஃப் செல்களைப் பாருங்கள். இயல்பான, ஓய்விலிருக்கும் சுரப்பியில் ஐந்தில் நான்கு செல்லிலாவது குங்குமப் புள்ளி மாதிரி தெளிவான சிவப்புத் துளி இருக்கும். அதிகமாகச் சுரந்துகொண்டிருக்கும் சுரப்பியில் துளியே இருக்காது, அல்லது தூசி போல மங்கலாகச் சில செல்களில் மட்டும் இருக்கும். இதிலும் இரண்டு பொறிகள். வயதானவர்களின் இயல்பான சுரப்பியில் ஆக்சிஃபில் என்ற இன்னொரு வகைச் செல்கள் முடிச்சு முடிச்சாகக் கூடியிருக்கும். அவற்றில் துளி இருக்காது, அதைப் பார்த்து நோய் என்று நினைக்கக் கூடாது. அதேபோல் துளிகளை விடாமல் வைத்திருக்கும் அடினோமாக்களும் உண்டு. சாயம் ஒரு சாட்சி, நீதிபதி அல்ல.

கேள்வி: பாராதைராய்டை முதலில் கண்டுபிடித்தவர் யார்? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
– ஆசிரியை, மயிலாப்பூர்

மனிதரிடம் தெளிவாக விவரித்தவர் ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல். அதற்கு முன்பே, 1850-இல், லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இறந்த காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் தைராய்டோடு ஒட்டியிருந்த மஞ்சள் நிறச் சிறு சுரப்பியைக் குறித்து வைத்தார். அது இந்தியக் காண்டாமிருகம்! பாராதைராய்டுக் கட்டியை முதன்முதலில் ஆபரேஷன் செய்து எடுத்தது 1925-இல், வியன்னாவில், ஃபெலிக்ஸ் மாண்டல்.

கேள்வி: பேத்தாலஜி முதுகலை மாணவி. ஃப்ரோஸனில் வட்ட வட்டமாக ஃபாலிக்கிள்கள் (செல்கள் சூழ்ந்த சிறு பைகள்), நடுவே தைராய்டில் இருக்கும் கொலாய்டு போன்ற கூழ்ப்பொருள். தைராய்டு என்று நினைத்தேன், பேராசிரியர் பாராதைராய்டு என்றார். எப்படிப் பிரிப்பது?
– வாசகி, கீழ்ப்பாக்கம்

இந்தச் சறுக்கல் பலருக்கும் நடக்கிறது. பாராதைராய்டும் ஃபாலிக்கிள் கட்டும், உள்ளே இளஞ்சிவப்புப் பொருளையும் சேர்க்கும். அதனால் அமைப்பை விட்டுவிட்டுச் செல்லைப் பாருங்கள். பாராதைராய்டு செல்லின் எல்லைக்கோடு பென்சிலால் வரைந்ததுபோலத் தெளிவாக இருக்கும். சைட்டோபிளாசம் வெளிறி, குமிழிகளோடு இருக்கும். நியூக்ளியஸ் சிறியது, உருண்டை, கருமை. பக்கத்தில் ஒரு லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளை அணு) இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், அதன் சாயல் தெரியும். செல்களுக்கு நடுவே கொழுப்பு இருந்தால் பாராதைராய்டின் பக்கம் சாயலாம், தைராய்டில் அது அரிது.

மைக்ராஸ்கோப்பில் போலரைசரை (ஒளியை ஒரே திசையில் வடிகட்டும் கண்ணாடி) போட்டுப் பார்க்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தைராய்டு கொலாய்டில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அடிக்கடி இருக்கும், இருட்டில் மின்னும். அவை மின்னினால் தைராய்டு என்று தைரியமாகச் சாயலாம். மின்னாவிட்டால் எதுவும் முடிவாகவில்லை. உறைய வைக்குமுன் வெட்டு முகத்தை ஸ்லைடில் ஒற்றி ஒரு இம்ப்ரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்படிகம் திசுவில் ஓட்டை போட்டுக் குமிழி மாதிரி காட்டும் தொந்தரவு இம்ப்ரிண்ட்டில் கிடையாது. பிறகு பாரஃபினில் சந்தேகம் நீடித்தால் புரதங்களைத் தேடும் சாயங்கள் போடலாம்; பி.டி.எச்., குரோமோகிரானின், காட்டா-3 மூன்றும் பாராதைராய்டில் பிடிக்கும். தைரோகுளோபுலினும் டி.டி.எஃப்.-1-ம் பிடிக்காது.

ஃப்ரோஸனில் உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: இது பாராதைராய்டா, இல்லையா? அதை நம்பிக்கையோடு சொல்லலாம். நிணநீர் முடிச்சு, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியின் துண்டு, கொழுப்பு உருண்டை, தைராய்டு முடிச்சு எல்லாமே சர்ஜனின் கண்ணுக்குப் பாராதைராய்டாகத் தெரியும். அதற்கு மேல் ‘அடினோமாவா?’ என்று தியேட்டரிலிருந்து போனில் கேட்டால், ‘செல் அடர்த்தி மிகுந்தது, எடை இவ்வளவு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எடுத்த பாராதைராய்டுக் கட்டியில் ‘ஆங்காங்கே பெரிய, கருத்த நியூக்ளியஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். கேன்சரா? தூக்கமே வரவில்லை.
– வாசகர், தாம்பரம்

அந்த ஒரு வரிக்காகப் பயப்பட வேண்டாம். சுரப்பிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய நியூக்ளியஸ் தெரிவது வெகு சாதாரணம், அடினோமாவில் அடிக்கடி பார்க்கிறோம். பாராதைராய்டில் அது கேன்சர் அடையாளம் இல்லை. பி.டி.எச். அதிகமாகி ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் கேன்சர் 1 சதவீதத்துக்கும் குறைவு.

கேன்சர் என்று எழுத வேண்டுமானால் கட்டி அடாவடியாக எல்லை தாண்டியிருக்க வேண்டும். ரத்தக் குழாய்க்குள் அல்லது நரம்பைச் சுற்றி நுழைந்திருக்க வேண்டும், பக்கத்துத் தைராய்டையோ தசையையோ அரித்திருக்க வேண்டும், அல்லது வேறு உறுப்புக்குப் பரவியிருக்க வேண்டும். தடித்த நார்ப்பட்டைகள், நிறைய மைட்டோசிஸ் (செல் பிரிவு) போன்ற சந்தேகங்கள் இருந்தும் இவை எதுவும் இல்லையென்றால் ‘அடிபிகல் பாராதைராய்டு டியூமர்’ என்று எழுதுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு தந்த பெயர் இது. அப்படி எழுதியிருந்தால் பாராஃபைப்ரோமின் சாயம் போட்டார்களா என்று கேளுங்கள். நியூக்ளியஸில் அந்தப் புரதம் காணாமல் போயிருந்தால் சி.டி.சி.73 மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டிவரும், குடும்பத்தாருக்கும் அது முக்கியம்.

இன்னொன்றையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்: ஆபரேஷனுக்கு முன் கழுத்தில் ஊசி குத்தி எஃப்.என்.ஏ.சி. எடுத்தார்களா? ஊசி போன வழியில் ரத்தம் கசிந்து, நார் படிந்து, செல்கள் அதற்குள் மாட்டிக்கொண்டால் பார்ப்பதற்குப் பரவும் கட்டி மாதிரியே இருக்கும். ரிப்போர்ட் எழுதுபவருக்கு ஊசி போட்ட விவரம் தெரியாவிட்டால் வீண் பயம் பிறக்கும்.

கேள்வி: என் கணவருக்குக் கால்சியம் 11. ஆபரேஷனில் எடுத்ததை ‘இயல்பான பாராதைராய்டு, 35 மி.கி.’ என்று சொல்லிவிட்டார்கள். கால்சியமும் குறையவில்லை. அடுத்து என்ன?
– வாசகி, வேளச்சேரி

இரண்டாவது ஆபரேஷனுக்கு உடனே நாள் குறிக்காதீர்கள். முதலில் நோய் இருப்பதையே மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியமும் கிரியாட்டினினும் பாருங்கள். சில குடும்பங்களில் பிறவியிலேயே கால்சியம் சற்று அதிகமாக இருக்கும், சிறுநீரில் மிகக் குறைவாகத்தான் வெளியேறும், சுரப்பிகள் ஏறக்குறைய இயல்பாகவே தெரியும். அவர்களுக்கு ஆபரேஷனால் பயனில்லை. லித்தியம், தயசைடு வகை நீர்மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். இவையெல்லாம் இல்லையென்றால் கட்டி வேறிடத்தில் ஒளிந்திருக்கலாம். கீழ்ச்சுரப்பிகள் கருவில் தைமஸோடு சேர்ந்து இறங்குபவை, அதனால் நெஞ்சுக்குள் வரை போயிருக்கும். மேல்சுரப்பி உணவுக்குழாய்க்குப் பின்னால் சரிந்திருக்கும். சில பேருக்குத் தைராய்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். நான்குக்கு மேல் ஐந்தாவது இருப்பவர்களும் உண்டு. செஸ்டமிபி ஸ்கேன், 4டி சி.டி. இரண்டும் தேட உதவும். உங்களைப் போன்றவர்களுக்கு ‘இயல்பு’ என்ற ரிப்போர்ட் ஏமாற்றமாகத் தெரியும். ஆனால் எந்தச் சுரப்பி குற்றவாளி இல்லை என்று அது காட்டிவிட்டது, அடுத்த சர்ஜனுக்கு அது பெரிய உதவி. பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நான்கு சுரப்பியிலும் கை வைப்பது ஏன்?
– வாசகர், ராயபுரம்

சிறுநீரகம் பழுதாகி பாஸ்பரஸ் தேங்குவதும் வைட்டமின் டி செயலிழப்பதும் எல்லாச் சுரப்பிகளையும் ஒருசேரத் தூண்டுகின்றன. நான்கும் பெருக்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. மூன்றரையை எடுப்பார்கள், அல்லது நான்கையும் எடுத்துச் சில துணுக்குகளை முன்கைத் தசையில் பதிப்பார்கள். பதிக்கும் துணுக்கை முடிச்சில்லாத, சீராகப் பெருத்த பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். முடிச்சிலிருந்து எடுத்தால் கையிலேயே நோய் திரும்ப வளரும்.

கேள்வி: தனியார் மருத்துவமனைத் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். பாராதைராய்டு ஸ்பெசிமனை எப்படி அனுப்பினால் உங்களுக்கு வசதி?
– வாசகி, அண்ணா நகர்

கேட்டதற்கு நன்றி, இதைக் கேட்பவர்கள் குறைவு. ஃப்ரோஸன் கேட்டிருந்தால் ஃபார்மலின் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் வைத்து, மூடிய சிறு டப்பாவில் உடனே கொடுத்தனுப்புங்கள். உலர்ந்த காஸில் சுற்றினால் பருப்பளவுத் திசு ஒட்டிக் காய்ந்துவிடும். சலைனில் மூழ்க விட்டால் செல்கள் ஊதிவிடும். கிண்டியிலிருந்து புரசைவாக்கம் வரை ஆட்டோவில் போக வேண்டிய லேப் என்றால் டப்பாவை ஐஸ் மேல் வையுங்கள், ஐஸுக்குள் புதைக்காதீர்கள். மெதுவாக உறையும் திசுவில் படிகம் பெரிதாகிச் செல்கள் கிழியும்.

எடை போடுவது ஃபார்மலினுக்கு முன். ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சர்ஜனோ நாங்களோ நீக்கிய பிறகு, மில்லிகிராம் காட்டும் தராசில். தி.நகர் நகைக்கடைகளில் மூக்குத்தி நிறுக்கும் தராசு மாதிரி இருக்க வேண்டும். சமையல் தராசு 40 மில்லிகிராமைப் பூஜ்யம் என்றே காட்டும், கொழுப்போடு நிறுத்தால் இயல்பான சுரப்பிகூட 150 என்று வந்து நிற்கும்.

ஒவ்வொரு சுரப்பிக்கும் தனி டப்பா. மூடியில் எழுதாமல் டப்பாவின் உடலில் எழுதுங்கள், ஏனென்றால் லேப்பில் மூடிகள் மாறும். ‘பாராதைராய்டு’ என்று மட்டும் போடாமல் வலது மேல், இடது கீழ் என்று இடத்தோடு. முழுச் சுரப்பியா, இயல்பாகத் தெரிந்த சுரப்பியின் நுனியில் கிள்ளிய துணுக்கா என்பதும் வேண்டும். ஃபார்மில் கால்சியம், பி.டி.எச்., நோயாளியின் வயது, மற்ற சுரப்பிகளைப் பார்த்தார்களா, முன்பு கழுத்தில் ஊசி குத்தி எஃப்.என்.ஏ.சி. எடுத்தார்களா என்ற ஐந்தையும் நிரப்புங்கள். நிரந்தர ஸ்பெசிமனுக்குத் திசுவின் அளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றினால் போதும்.